ஒன்பதாம் வளைவில் என் கடை

உக்காருங்க தம்பி. அந்தக் கல்லு மேல உக்காருங்க, சுடாது, நெழலு விழுந்துருச்சு. வண்டி சூடு எறங்க எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். பானட்டத் தெறந்து வச்சுட்டீங்கள்ல, அது போதும். உள்ள அந்த மூடிய மட்டும் தொட்றாதீங்க, கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிச்சிரும். போன மாசம் ஒருத்தரு அவசரப்பட்டுத் தொட்டுட்டு, கையெல்லாம் கொப்பளிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. வீட்டுக்காரம்மாவையும் பாப்பாவையும் எறங்கி வரச் சொல்லுங்க. வெளிய நல்ல காத்து.

வந்ததும் வராததுமா ஒரு கேள்வி கேட்டீங்க பாருங்க. "ஏம்மா, இப்படிக் கொரங்குக்குத் தீனி போட்டுக் கெடுக்குறீங்களே, பாவமில்லையா?"ன்னு. கேட்டதுல தப்பில்ல. படிச்சவங்க எல்லாரும் கேக்குறதுதான். ஆனா கேட்டவரு பதிலையும் கேட்டுட்டுத்தான் போகணும். நான் எவனுக்கும் பயந்து ஒளிஞ்சு கடை போடல.

எம்பேரு ஒச்சம்மா. அடிவாரத்துக் காலனியில வீடு. இந்த மூணாம் வளைவுக்கு வந்து எட்டு மாசந்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி பதினாலு வருசம் மேல, ஒன்பதாம் வளைவுல இருந்தேன். நீங்க போகையில பாப்பீங்க. எடதுபக்கம் பள்ளத்தப் பாத்தாப்புல, நாலு கல்லு மட்டும் கெடக்கும். அதுதான் என் எடம்.

அதுக்கும் முன்னாடி இந்த ரோடு இம்புட்டு அகலம் கெடையாது. ஒரு பஸ்ஸு வந்தா எதிர்ல வர்றது ஒதுங்கி நிக்கணும். அப்புறந்தான் அகலப்படுத்துனாங்க. எங்க வீட்டுக்காரரு காசிமாயன் அந்த வேலையிலதான் இருந்தாரு. ரோட்டோரம் வரிசையா அத்திமரம் நின்னுச்சு தம்பி, ரெண்டு ஆளு சேந்து கட்டிப் பிடிச்சாலும் அடங்காது. நாவல் மரம் நின்னுச்சு. எல்லாத்தையும் சாச்சாங்க. சாச்சதுல எங்க வீட்டுக்காரரு கையும் உண்டு, நான் இல்லைங்கல. கூலிக்குப் போனவரு, வெட்டுன்னா வெட்டுவாரு. பெறகு பாறைக்கு வெடி வச்சாங்க. அந்த வெடியில அவருக்குக் காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் கத்தித்தான் பேசணும். வேலையும் போச்சு. அப்பத்தான் நான் ஒரு அடுப்பையும் குண்டாவையும் தூக்கிக்கிட்டு ஒன்பதாம் வளைவுக்கு ஏறுனேன். அவிச்ச கடலை, சோளக்கருது, கொய்யா, வாழைப்பழம்.

இப்ப நீங்களே சொல்லுங்க. அத்திப்பழம் தின்னுக்கிட்டு மரத்து மேலயே கெடந்த கொரங்குக எங்க போகும்? மரத்த வெட்டச் சொன்னவன் எவனாவது அதுகளுக்கு ஒரு பழம் போட்டானா? நான் போட்டேன்.

லேசுல வந்துறல. மொத மூணு மாசம் ஒண்ணுகூடக் கிட்ட அண்டல. மேல பாறையில உக்காந்து என்னையவே பாக்கும். நான் எந்திரிச்சா ஓடிரும். நானும் விடல. கனிஞ்சு விக்காமப் போன பழத்தத் தூரமா வைப்பேன். மறுநாளு ரெண்டடி கிட்ட. அதுக்கு மறுநாளு இன்னும் ரெண்டடி. அப்படி வச்சு வச்சு, ஒருநாளு ஒரு பொட்டைக்குட்டி எறங்கி வந்துச்சு. ஒரு காது பாதி பிஞ்சிருந்துச்சு. என் கையில இருந்தே பழத்த வாங்கிருச்சு தம்பி. வெரலு அப்படியே சின்னப்புள்ள வெரலு. அதுக்கு மூளின்னு பேரு வச்சேன். ஆட்டப் பழக்கலாம், நாயப் பழக்கலாம். காட்டுக் கொரங்கப் பழக்குனவ இந்த மலையில நான் ஒருத்திதான்.

அதுக ரோட்டுக்கு வந்த பெறகுதான் வண்டிகளும் நிக்க ஆரம்பிச்சுச்சு. புள்ளைக கொரங்கப் பாக்கணும்னு அழும். வண்டி நிக்கும். நின்னா கடலை வாங்குவாங்க. பாதி அவங்க திம்பாங்க, பாதி அதுகளுக்கு. எல்லாருக்கும் சந்தோசம். நான் போகையில பதினஞ்சு உருப்படி இருந்துச்சு. பத்து வருசத்துல அறுபதத் தாண்டிருச்சு. வம்சம் பெருகிருச்சு. இதுக்குப் பேரு கெடுக்குறதா?

முடி கொட்டிப் போயி சிலது சொறி மாதிரி இருக்கும், அது வெயிலுக்கு. முன்னெல்லாம் அந்தப் பக்கம் செம்போத்து கத்தும், கொண்டக்குருவி கூடு கட்டும். இப்ப ஒண்ணும் காணோம். கொரங்குதான் முட்டையத் தின்னுருச்சுன்னு ஒரு பேச்சு. அதுக்கும் நான்தான் பொறுப்பாம். முட்டையத் தின்னது அது, பேரு எனக்கு.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன வருசம் பங்குனியில ஒரு பாரஸ்ட்டு பொண்ணு புதுசா வேலைக்கு வந்தா. ஜெபராணின்னு பேரு, தூத்துக்குடிப் பக்கம். இருவத்தஞ்சு வயசு இருக்கும். காலுக்குப் பெருசா ஒரு பூட்ஸு, டொக்கு டொக்குன்னு நடந்து வருவா. முன்னாடி இருந்தவங்க வருவாங்க, கடலை வாங்குவாங்க, போவாங்க. இவ அப்படி இல்ல. வந்த மொத நாளே என் முன்னாடி குத்தவச்சு உக்காந்து, "அக்கா, ஒரு நாளைக்கு இந்த எடத்துல எத்தன குரங்கு அடிபடுது?"ன்னு கேட்டா.

"நான் என்னத்தக் கண்டேன்? வண்டிக்காரன்கிட்டப் போயிக் கேளு தாயி"ன்னேன்.

அவ எந்திரிச்சுப் போயிட்டா. மறுநாள்ல இருந்து ஒரு வேலை ஆரம்பிச்சா. கொரங்கு அடிபட்டுச் செத்துச்சுன்னா, சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போயி உள்ள புதைச்சிட்டு வருவா. வந்து, அது செத்த எடத்துல ரோட்டு மேல சுண்ணாம்பால ஒரு வட்டம் போடுவா. அம்புட்டுத்தான். யாரையும் திட்ட மாட்டா, அபராதம் போட மாட்டா. வட்டம் போட்டுட்டு பைக்க எடுத்துக்கிட்டுப் போயிருவா.

சித்திரை முடியுறதுக்குள்ள எங்கடையச் சுத்தி பத்தொம்பது வட்டம். வர்றவன் போறவனெல்லாம், "என்னம்மா இது கோலம்?"னு கேக்குறான். விசயம் தெரிஞ்சா வாயில போட்ட கடலையத் துப்பிட்டுப் போறான்.  சாயங்காலம் கடைய எடுத்து வைக்கையில குடத்துத் தண்ணிய ஊத்தி, தேங்கா நாரு போட்டுத் தேச்சு அழிச்சேன். அவ மறுக்காப் போட்டா. நான் மறுக்கா அழிச்சேன்.

ஒருநாளு நிப்பாட்டிக் கேட்டேன். "ஏத்தா, அஞ்சாம் வளைவுல ஒரு வட்டத்தக் காணோம். ஆறுல இல்ல. ஏழுல ஒண்ணே ஒண்ணு. என் கடையச் சுத்தி மட்டும் குத்தாலச் சாரலு கணக்காப் போட்டு வச்சிருக்கியே, இது வஞ்சகம் இல்லாம வேற என்ன?"

அவ என் மொகத்தையே பாத்தா. "வட்டத்த நான் போடுறேன்க்கா. எங்க போடணும்னு நானா முடிவு பண்ணுறேன்?"னா.

பதில் தெரியாம நான் முழிச்சேன்னு நெனச்சுக்காதீங்க. அந்நேரம் பாத்து ஒரு வேன் வந்து நின்னுச்சு, கருது கேட்டாங்க, போயிட்டேன்.

அப்புறம் ஒரு கெழட்டுக் கொரங்கு, ஆணு, நாட்டாமைன்னு கூப்பிடுவேன், வயிறு உப்பிப் போயி மூணு நாளு படுத்தே கெடந்து செத்துச்சு. வண்டி கிண்டி அடிக்கல. மாட்டாஸ்பத்திரி டாக்டர வரவழைச்சு ரோட்டோரத்துலயே அறுத்துப் பாத்தாங்க. கொடலுக்குள்ள பந்து மாதிரி பிளாஸ்டிக் கவரு. ஜெபராணி அதக் குச்சியால பிரிச்சுக் காட்டுனா. ரோஸு கலர்ல கோடு போட்ட கவரு. "உங்க கடைக் கவருதான அக்கா?"ங்குறா. நான் விடுவேனா? "ரோஸுக் கோடு போட்ட கவரு ஊரு பூரா இருக்கு. என் கடைக் கவருன்னு அதுல எழுதியா இருக்கு?"ன்னு கேட்டுட்டேன். குச்சியக் கீழ போட்டுட்டு எந்திரிச்சுட்டா. அன்னையில இருந்து நான் பேப்பர்லதான் மடிச்சுக் குடுக்குறேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பேப்பருன்னா கடலை சூடு ஆறாது, அதான்.

மூளியப் பத்திச் சொன்னேன்ல. அது வளந்து பெருசாகி நாலஞ்சு பெத்துருச்சு. போன சீசன்ல ஒரு குட்டி போட்டுச்சு, மார விட்டே எறங்காது. வைகாசி மாசம், ஞாயித்துக்கெழமை, அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் வண்டி வண்டியா நிக்குது. ஒரு காருல இருந்து ஒரு ஆளு சிப்ஸு பாக்கெட்ட நடுரோட்டுல வீசிட்டான். மூளி ஓடிச்சு. அது தப்பிச்சுருச்சு. குட்டிதான் எதுக்க எறங்குன வண்டிச் சக்கரத்துல மாட்டிக்கிருச்சு.

செத்த குட்டியத் தூக்கிக்கிட்டே திரிஞ்சுச்சு தம்பி, ஒம்பது நாளு. ஒரு கையில குட்டி, இன்னொரு கைய என்கிட்ட நீட்டும். நான் பழம் குடுப்பேன். வாங்கி, அத மொதல்ல குட்டி வாயில வச்சுப் பாக்கும். பெறகுதான் தான் திங்கும். குட்டி காஞ்சு கருவாடாப் போச்சு, ஈ மொய்க்குது. கடைக்கு வந்தவங்க மூக்கப் பொத்திக்கிட்டுப் போனாங்க. போகட்டும். நான் அத வெரட்டல. ஒம்பதாம் நாளு எங்கயோ போட்டுட்டு வெறுங்கையா வந்து என் பலகை மேல உக்காந்துச்சு. நான் அன்னைக்கு ஏவாரம் பாக்கல.

அந்த வாரந்தான் ஜெபராணி வந்து கெஞ்சுனா. "அக்கா, ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் கடைய மூடுங்க. பழம் போடாதீங்க. அதுக காட்டுக்குள்ள போகுதா இல்லையான்னு பாப்போம். போகலன்னா நான் இனிமே உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"காட்டுல என்ன இருக்கு, போறதுக்கு? மரத்தத்தான் வெட்டிட்டீங்களே."

"ரோட்டோரம் இருந்ததத்தான் வெட்டுனாங்க. உள்ள அத்தி இருக்குக்கா, நெல்லி இருக்கு. நான் தெனமும் நடக்குறேன், பாக்குறேன். பழம் கீழ விழுந்து அழுகிக் கெடக்கு. திங்க ஆளில்ல."

"பட்டினி போட்டா என் மூளி செத்துரும்."

"இங்க இருந்தாத்தான்க்கா செத்துரும்."

அந்த வார்த்தைய அவ சொல்லியிருக்கக் கூடாது. வாயில வந்ததெல்லாம் சொல்லி வெரட்டி விட்டேன். "மேல உச்சியில மலையக் கொடைஞ்சு ஓட்டலு கட்டுறானே, அவங்கிட்டப் போயி ஒரு வாரம் மூடச் சொல்லு பாப்போம்! அறுவது மைலு வேகத்துல வர்றானே, அவனுக்கு வட்டம் போடு! ஒச்சம்மான்னா உனக்கு எளக்காரமா?"

"அதையுந்தான் எழுதி அனுப்பியிருக்கேன்க்கா, மூணு தடவை"ன்னா. சொல்லிட்டுப் போயிட்டா. எழுதுனாளாம். எழுதி என்ன ஆச்சு? ஓட்டலு நாலு மாடி ஏறிருச்சு. நியாயம் இருந்தா மொதல்ல அங்கல்ல போயிருக்கணும்? நான் சொல்றது சரியா, தப்பா, நீங்களே சொல்லுங்க.

அப்புறம் ஒரு கெட்ட நேரம். கோயமுத்தூருக்காரங்க புள்ள ஒண்ணு, கையில பன்னு வச்சிருந்துச்சு. கொரங்கு பிடுங்குச்சு, புள்ள விடல, கடிச்சிருச்சு. நாலு தையலு. போட்டோவெல்லாம் போன்ல சுத்துச்சாம். மேலதிகாரிங்க வந்துட்டாங்க. கொரங்குக் கூட்டத்தப் பிடிச்சு வேற காட்டுல கொண்டுபோயி விடணும்னு முடிவாகிப் போச்சு. ஜெபராணி வேணாம்னுதான் சொன்னாளாம். கொண்டுபோயி விட்டா அங்கயும் ரோட்டத் தேடித்தான் போகும், தீனிய நிறுத்துறதுதான் வழின்னாளாம். அவ பேச்சு எடுபடல.

கூண்டு வந்துச்சு. என் கடை பள்ளத்துப் பக்கம், கூண்டு எதுத்தாப்புல பாறைப் பக்கம். நடுவுல ரோடு. ரெண்டு நாளு ஒண்ணுகூட உள்ள போகல. மூணாம் நாளு காலையில பாரஸ்ட்டு வாச்சரு ஒருத்தன் வந்து ரெண்டு படி கடலை வாங்குனான். விருந்தாளி வந்திருக்காங்கன்னான். நானும் அளந்து போட்டேன். போயிப் பாத்தா, அதக் கூண்டுக்குள்ள கொட்டி வச்சிருக்கான். என் கடலை வாசனைக்கு உள்ள போயிருச்சுக தம்பி. பதினோரு உருப்படி. மூளியும் உள்ள. கம்பியப் பிடிச்சுக்கிட்டு என்னையவே பாக்குது.

என் கடலைய வச்சே என் கொரங்கப் பிடிச்சுட்டாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மத்தியானம் லாரி வரணும். வாச்சருக ரெண்டு பேரும் சாப்பிட உக்காந்தாங்க, பாறை மறைவுல. ஜெபராணி லாரிக்கு வழி காட்டக் கீழ போயிருந்தா. நான் ரோட்டத் தாண்டிப் போனேன். ஒரு கொண்டிதான், பூட்டு இல்ல. இழுத்தேன். கதவத் தெறந்தேன். ஆமா, நான்தான் தெறந்தேன். போலீசு வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்.

பத்து உருப்படி தாவிப் பாறையில ஏறிருச்சு. மூளி மட்டும் வரல. மூலையில சுருண்டு உக்காந்துருச்சு. அந்நேரம் வாச்சரு பாத்துட்டான், கத்திக்கிட்டு ஓடியாரான். நான் இந்தப் பக்கம், கடைக்கு ஓடியாந்துட்டேன். வந்து நின்னு திரும்பிப் பாக்குறேன், அது இன்னும் உள்ளயே உக்காந்திருக்கு.  "வாடி மூளி! வாடீ!"ன்னு கூப்பிட்டேன்.

ஜெபராணி பைக்குல அப்பத்தான் வளைவு திரும்புறா. பாத்துட்டா. வண்டிய அப்படியே கீழ போட்டுட்டு நடுரோட்டுக்கு ஓடியாந்து, ரெண்டு கையையும் விரிச்சு நின்னுக்கிட்டு, "கூப்பிடாதீங்க்கா! கூப்பிடாதீங்க!"ன்னு கத்துறா. மேல ஏறுற வண்டியெல்லாம் நின்னுருச்சு. எறங்குற பக்கம் வந்த வேன்காரனுக்கு வளைவுல அவளத் தெரியல. பிரேக்க அமுக்குனான். அமுக்குனான், நான் இல்லைங்கல. ஆனா ரோட்டத் தாண்ட ஓடியாந்த மூளி மேல மோதித்தான் நின்னுச்சு.

நான் கூப்பிட்டதாலதான் வந்துச்சுன்னு சொல்லுவாங்க. கூப்பிடலன்னாலும் வந்திருக்கும். பதினாலு வருசப் பாசம். எங்கிட்ட வராம வேற எங்க போகும்?

கிட்டப் போயிப் பாத்தேன். உசுரு இருந்துச்சு. கைய நீட்டுச்சு. என் மடியில ஒண்ணும் இல்ல, குடுக்குறதுக்கு. வெறுங்கையத்தான் நீட்டுனேன், வெரலப் பிடிச்சுக்கிருச்சு. ஜெபராணி பக்கத்துல உக்காந்திருந்தா. அவ முட்டியெல்லாம் ரத்தம், வண்டியில இருந்து குதிச்சதுல.  கொஞ்ச நேரத்துல பிடி விட்டுப் போச்சு.

சாக்குல சுத்தினா. நானும் கூடப் போனேன், காட்டுக்குள்ள. மொதத் தடவையா போறேன் தம்பி, பதினாலு வருசத்துல. புதைச்சோம். தலைக்கு மேல ஒரு அத்திமரம், பழம் காலுக்கடியில மெத்து மெத்துன்னு கெடக்கு. அவ அதக் காட்டிச் சொல்லிக் காட்டுவாளோன்னு நானும் பாத்தேன். அவ கை மண்ணத் தட்டிக்கிட்டு ரோட்டப் பாத்து நடந்துட்டா.

திரும்பி வந்ததும் சுண்ணாம்பு டப்பாவ என்கிட்ட நீட்டுனா. "நீங்க போடுறீங்களாக்கா?"ன்னா. "நான் எதுக்குப் போடணும்? வேன நானா ஓட்டுனேன்?"னேன். அவளே போட்டா. வட்டம் கோணலாப் போச்சு. அந்த வட்டத்த நான் அழிக்கல. வேற ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, அன்னைக்குக் கொடத்துல தண்ணி இல்ல. மறுநாளு கடலை அவிக்கவே பத்தல. அப்புறம் மழை வந்து அதுவாப் போயிருச்சு.

விசாரணை வந்துச்சு. நான் தயாராத்தான் இருந்தேன், கேட்டா நான்தான்னு சொல்ல. ஒருத்தரும் என்னையக் கேக்கல. ஜெபராணி எழுதிக் குடுத்துட்டாளாம், கூண்டுக் கதவத் தான்தான் சரியா மாட்டாமப் போயிட்டதா. பாத்தீங்களா, தப்பு யாருதுன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கு. அவளா ஒத்துக்கிட்டா. வேற மலைக்கு மாத்திட்டாங்க. போறதுக்கு முன்னாடி வந்து சொல்லிட்டுப் போனா. கடலை குடுத்தேன். வாங்கிக்கிட்டா. பேப்பரு மடிச்சத ஒரு மாதிரிப் பாத்தா, லேசாச் சிரிச்சா.

என் கடைய மட்டும் விட்டுருவாங்களா? தூக்கிட்டாங்க. ஆனா பொழைப்புக்கு இந்த மூணாம் வளைவுல எடம் குடுத்தாங்க. அதுக்கும் அவதான் மனு எழுதி வச்சுட்டுப் போனாளாம், ஆபீஸுல சொன்னாங்க. இங்க கொரங்கே கெடையாது, அதனால பிரச்சினையில்ல, ஒழுங்கா ஏவாரத்தப் பாருன்னாங்க. நெசந்தான். நான் வந்தப்ப இங்க ஒண்ணுகூடக் கெடையாது. வெறும் பாறை. அந்தப் புதருல கவுதாரி கூடக் கத்திக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு மாசம் நானும் என் அடுப்பும் மட்டுந்தான். கனிஞ்ச பழத்தச் சும்மா அந்த ரோட்டோரச் சொவத்து மேல வைப்பேன். வீணாத் தூக்கிப் போட மனசு வருமா?

அப்புறம் ஒருநாளு காலையில வந்து பாக்குறேன், சொவத்துல ரெண்டு உக்காந்திருக்கு. மேல இருந்து ஆறு வளைவு எறங்கி, என்னையத் தேடி வந்திருச்சுக தம்பி. இப்ப எண்ணிப் பாருங்க. இருவத்தி மூணு. நானா வண்டி வச்சுக் கூட்டியாந்தேன்?

போன வாரங்கூட ஆபீஸுல இருந்து வந்துட்டாங்க. இதே நெலம நீடிச்சா இங்க இருந்தும் எடுத்துருவோம்னாங்க. எடுத்துக்கங்கன்னேன். அடிவாரத்துக்கே எறக்குங்கன்னேன். நான் அங்கயும் அடுப்பப் பத்த வைப்பேன். அதுக அங்கயும் வரும்.